சோழர் வெட்டிய ஏரியும் நம் ஊராட்சியும்

சரித்திரம் என்றால் அரசர்களின் பெயர்களும் அவர்கள் செய்த போர்களுமே என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பாடமாகவே அது நமக்குத் தோன்றுகிறது. ஆனால், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள ஒரு குடியானவர் காலையில் வயலுக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் வரையில் புழங்கும் சொற்களையும், அளக்கும் அளவுகளையும், நடக்கும் கரைகளையும் சற்றே உற்று நோக்கினால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சோழர் காலம் இன்னும் அவரோடு உடன் வாழ்ந்துவருவது புலனாகும். அவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்திருப்பவை யாவை, அவற்றுள் பேணிக் காக்க வேண்டியவை எவை, கைவிட வேண்டியவை எவை என்பனவற்றை ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு

முதலில் நம் நிலத்தின் இயல்பை நினைவிற் கொள்வோம். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே பரந்து கிடப்பது நம் பகுதி. கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பகுதியில் ஆற்றுப் பாசனமும் நெல் வயல்களும் உண்டு. புள்ளம்பாடி வாய்க்காலும் சில ஏரிகளுக்குக் காவிரி நீரைக் கொண்டுவருகிறது. மற்ற இடங்களில் நிலம் மேடானது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன; ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி தழைக்கின்றது. இங்கெல்லாம் வானமே துணை. பச்சைமலைச் சாரலில் பெய்யும் மழை மருதையாறு போன்ற காட்டாறுகளாகச் சில நாள் பெருகி ஓடிப் பின் வற்றிவிடும். ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களுக்குள் பெய்துவிடுகிறது.

ஆகவே, பெய்த நீரைத் தேக்கினாலன்றி இங்கு வாழ்வில்லை. இந்த உண்மையை நன்கு உணர்ந்து செயற்பட்டவர்கள் இடைக்காலத்து ஆட்சியாளரும் அவர்தம் ஊர்ச் சபையினரும் ஆவர். நம் கிணறுகளில் இன்று ஊறும் நீரும், ஆழ்துளைக் குழாய்களில் மேலேறும் நீரும் அருகிலுள்ள ஏரியின் தயவால் கிடைப்பனவே. ஏரி நிறைந்த ஆண்டில் கிணறும் நிறையும். ஏரி வறண்டால் மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் இறக்கினாலும் பயனில்லை என்பதை நம் விவசாயிகள் அனுபவத்தால் அறிவார்கள்.

ஊர்ப் பெயர்கள் கூறும் செய்தி

நம் ஊர்களின் பெயர்ப் பலகைகளே ஒரு சரித்திர நூலாகும். கங்கைகொண்டசோழபுரம் என்னும் பெயருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. முதலாம் இராஜேந்திர சோழன் கி.பி. 1012 முதல் 1044 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தான். அவனுடைய படை 1023ஆம் ஆண்டளவில் வடக்கே கங்கை வரையிற் சென்று மீண்டது. அவ்வெற்றியின் நினைவாக எழுந்த இந்நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. அதனைச் சுற்றியுள்ள உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் ஆகிய சிற்றூர்கள், கோட்டையும் அரண்மனையும் படைக்கலச் சாலையும் மெய்க்காவலர் குடியிருப்பும் இருந்த காலத்தைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன. மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வுகளில் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்துள்ளன.

மேலப்பழுவூர், கீழப்பழுவூர் என்ற பெயர்கள் சோழருக்கு உற்ற துணையாயிருந்த பழுவேட்டரையர்களை நினைவூட்டுகின்றன. கண்டராதித்தம் என்னும் ஊர், கண்டராதித்த சோழனின் பெயரால் அமைந்தது. அவ்வூர்ப் பேரேரி, அவனுடைய தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியின் பெயரால் வழங்குகிறது. கற்றளிகள் பல எடுப்பித்த அவ்வம்மையாரின் பெயர் ஓர் ஏரிக்கும் நிலைத்திருப்பது, அக்காலத்தில் கோயில் எடுப்பதும் ஏரி வெட்டுவதும் ஒரே வகையான அறமாகக் கருதப்பட்டன என்பதற்குச் சான்றாகும்.

நாவில் வாழும் பழமை

சொற்களை நோக்குவோம். மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று நாள்தோறும் கூறுகின்றோம். இந்த ‘வாரியம்’ என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச் சபையின் செயற்குழுவைக் குறித்த சொல்லாகும். ஏரியைக் கவனித்தது ஏரி வாரியம். தோட்டங்களைக் கவனித்தது தோட்ட வாரியம். பொன்னின் மாற்றைச் சோதித்தது பொன் வாரியம். அவ்வாறே நிலவரிக் கணக்குகளை வைத்திருந்த அலுவலகம் புரவுவரித் திணைக்களம் எனப்பட்டது. இன்றும் இலங்கைத் தமிழர்கள் அரசாங்க இலாகாவைத் திணைக்களம் என்றே கூறுகின்றனர். ஊர்க் கணக்கெழுதிய கரணத்தான் பிற்காலத்தில் கர்ணம் ஆனார். 1980ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டது. கரணத்தான் எழுதிய ஓலைக்குரிய இடத்தில் இன்று கணினியில் பட்டாவும் சிட்டாவும் இருக்கின்றன.

அளவுகளும் அப்படியே. கொள்ளிடக் கரை விவசாயிகளிடம், ‘எத்தனை மா நடவு?’ என்றுதான் இன்றும் கேட்கின்றோம். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இக்காலக் கணக்கில் ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கராகும். வேலியும் மாவும் காணியும் சோழர் கல்வெட்டுகளில் நிறைந்திருக்கும் சொற்கள். கி.பி. 1001ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜராஜன் நாடெங்கும் நிலத்தை அளக்கச் செய்தபோது, ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாக்கி அதில் ஒரு கூறு வரையிற் கணக்கிட்டனர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளால் தெரிகிறது. அளந்த தலைமை அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டமே வழங்கியது.

இதில் ஊராட்சியினர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வாறு அளந்தபோது, வரி விதிக்கக்கூடாத நிலங்கள் என்று சிலவற்றைத் தனியே ஒதுக்கினர். குடியிருப்பு நிலமாகிய ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு முதலியன அப்பட்டியலில் உள்ளன. இன்று நாம் நத்தம் என்றும், நீர்நிலைப் புறம்போக்கு என்றும் வகைப்படுத்தி வைத்திருக்கும் முறையின் வேர் அங்கே காணப்படுகிறது. குளமும் வாய்க்காலும் எவர் ஒருவருக்கும் உரியவையல்ல, ஊருக்கே பொதுவானவை என்ற கொள்கை ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது. ஏரிப் புறம்போக்கில் ஒரு வேலி அடைக்கப்படும்போது மீறப்படுவது நேற்றைய அரசாணை மட்டுமன்று என்பதை உணர வேண்டும்.

நீரால் எழுப்பிய வெற்றித்தூண்

அரியலூர் மாவட்டத்தின் பெருமை கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் விமானத்தில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள அவ்விமானத்தை உலகெங்கிலுமிருந்து வந்து காண்கின்றனர். 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஆனால் இராஜேந்திரன் தன் வெற்றிக்கு அடையாளமாக அமைத்த மற்றொன்று உண்டு. அதுவே சோழகங்கம் என்னும் பேரேரி. கங்கையிலிருந்து கொணர்ந்த நீரைப் பெய்து உண்டாக்கிய அந்த ஏரியை, நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. கல்லில் தூண் நிறுத்துவது வேந்தர் வழக்கம். நீரைத் தூணாக நிறுத்தியது இவ்வேந்தனின் தனிச்சிறப்பு.

மக்கள் இதனைப் பொன்னேரி என்று அழைக்கின்றனர். 1855ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வருணனையிலிருந்து இதன் அளவை அறிகின்றோம். அதன்படி, ஏரியின் கரை தெற்கு வடக்காக 16 மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள வாய்க்கால் ஒன்று தென்கோடியில் வந்து சேர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து சிறிய வாய்க்கால் ஒன்று வடகோடியில் வந்து கலந்தது. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்றாக இரண்டு ஆறுகளின் வெள்ளத்தையும் ஒரே ஏரிக்குள் கொண்டுவந்த அமைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆறு பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும் என்பது அதன் கருத்தாக இருக்கலாம்.

ஆனால் அதே வருணனை, அந்நாளில் ஏரி நெடுங்காலமாகப் பாழடைந்து, உட்பரப்பு முழுவதும் அடர்ந்த காடு மண்டிக் கிடந்தது என்பதையும் தெரிவிக்கிறது. பகைவர் படையெடுத்து வந்து கரையை அழித்தனர் என்பது அக்காலத்து ஊர் வழக்கு. எவ்வாறாயினும், வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தபின் அவற்றை மீண்டும் வெட்டுவதற்கு அமைப்பு எதுவும் இல்லாமற் போயிற்று. இன்று பொன்னேரி, பழைய பெரும்பரப்பில் ஒரு பகுதியாகவே எஞ்சி, சுற்றுப்புறத்து வயல்களுக்கு இயன்ற அளவு நீர் தருகிறது. இந்த ஏரியையும் அதன் வாய்க்கால்களையும் தூர்வாரிச் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் அறிவித்தது.

வாழ்ந்த ஏரியும் தாழ்ந்த ஏரியும்

இங்கே இன்னொரு சோழர் ஏரியை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையதாகும். நம் மாவட்டத்துக்கு அண்டையில், கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஏற்பட்ட அதன் பழம்பெயர் வீரநாராயண ஏரி. அவ்வேரி சோழகங்கத்தைவிட மூத்தது. எனினும் இன்றும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல் வயல்களுக்கு நீர் அளிக்கிறது. அதற்குமேல், 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னை மாநகருக்கும் குடிநீர் வழங்குகிறது. தலைநகரில் வாழும் ஒருவர் தம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது, பராந்தகன் காலத்து ஏரியின் நீரும் அதில் கலந்து வருவது உண்டு.

இரண்டும் சோழர் ஏரிகள். இரண்டும் கொள்ளிடத்து நீரை நம்பியவை. ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது ஏன்? 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் முயற்சியால் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணத்துக்கு நீர் கொண்டுசெல்கிறது. ஆக, வீராணத்தின் வரத்து வாய்க்காலுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். சோழகங்கத்தின் வரத்து வாய்க்காலுக்கு எவரும் இல்லை. அதே கீழணையைக் கட்டுவதற்குக் கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர் என்பதும், ஊரார் தடுத்தும் பயனில்லை என்பதும் அந்த 1855ஆம் ஆண்டு வருணனையில் உள்ள செய்தி. பாழ்பட்ட தலைநகரின் கற்கள், அயலூர் ஏரி வாழ்வதற்கு அடித்தளமாயின.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. கரை எவ்வளவு நீளமாயினும், அதனை அமைத்தவன் எவ்வளவு பெரிய வேந்தனாயினும், ஏரியை வாழவைப்பது ஆண்டுதோறும் நடைபெறும் பராமரிப்பே. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரி, வேர் அறுந்த மரத்தைப் போன்றது.

ஏரி வாரியமும் அதன் விதிகளும்

அக்காலத்தில் அப்பராமரிப்பு எவ்வாறு நடைபெற்றது? இதனை விரிவாக அறியத் துணைபுரிவன காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள, முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது முப்பது வார்டுகளாகப் பிரித்தனர். குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கினர். குடத்தைச் சபையோர் அனைவரும் காணும்படி மூத்தவர் ஒருவர் உயர்த்திக் காட்டுவார். ஒன்றுமறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படிப்பார். கையில் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கலாகாது என்பதற்காகவே விரல்களை விரிக்கும் இவ்விதி.

இவ்வாறு தேர்ந்தவர்களுள் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமைந்தனர். பதவிக்காலம் 360 நாள். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. யாவற்றினும் முக்கியமானது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அறவே விலக்கப்பட்டனர் என்பதாகும். ஆண்டு வாரியத்துக்கு வருவோர் முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்து பழகியவராயிருத்தல் வேண்டும் என்ற விதியும் கருதத்தக்கது. ஏரியைக் காக்கக் கற்ற பின்னரே ஊரைக் காக்கும் பொறுப்பு வந்தது.

உத்திரமேரூர் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். நம் பகுதியிலும் காமரசவல்லி, கோவிந்தபுத்தூர் முதலிய இடங்களில் அத்தகைய சபைகள் இருந்தன. காமரசவல்லிச் சபையார் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் சாக்கைக் கூத்து நிகழ்த்துவோருக்கு நிலம் ஒதுக்கிய செய்தியைக் கல்வெட்டிற் காண்கின்றோம். உழவர் வாழ்ந்த ஊர்களில் ‘ஊர்’ என்ற பெயரிலேயே சபை இயங்கியது. வணிகர் வாழ்ந்த இடத்தில் அது ‘நகரம்’ எனப்பட்டது. பாசன வசதிகளுக்குப் பணம் வந்த வழியும் தெளிவாக இருந்தது. ஏரியின் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி; அதற்கென வசூலிக்கப்பட்ட வரி ஏரியாயம். வேலை, அதற்கு ஆள், அதற்குப் பொருள், அதற்குக் கணக்கு என்ற நான்கும் ஒன்றாய் அமைந்திருந்தன. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏரி நிலைக்காது.

தூம்பின் நுட்பம்

பழைய ஏரிகள் சிலவற்றின் உட்புறத்தில், நீர் வற்றிய காலத்தில், இரண்டு கல் தூண்கள் மட்டும் தனியே நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அவை குமிழித் தூம்பின் எச்சங்களாகும். தூண்களின் அடியில் கல்லாலான தொட்டி ஒன்று இருக்கும். தொட்டியின் மேல் மூடியில் பெரிய துளை ஒன்றும், தரைமட்டத்தில் சிறிய துளைகளும் உண்டு. மேல் துளையை அடைத்திருக்கும் குழவி போன்ற கல்லைத் தூக்கினால், நீர் விசையுடன் உள்ளே பாயும். அவ்விசையால் அடித்துளைகளின் வழியே சேறும் இழுக்கப்பட்டு, நீரோடு கலந்து, சுரங்கக் கால்வாய் வழியாகக் கரையைக் கடந்து வயலுக்குச் செல்லும். மேல் துளையை நீரோடி என்றும், கீழ்த்துளையைச் சேறோடி என்றும் கூறுவர். வயலுக்கு நீருடன் வண்டலும் உரமாகச் சேர்ந்தது. ஏரியில் மண் படிவதும் குறைந்தது. ஒரே செயலில் இரு பயன்!

இவ்வமைப்புகள் நம் ஏரிகளில் எங்கேனும் எஞ்சியிருப்பின், சீரமைப்பு வேலையின்போது அவற்றைப் பெயர்த்து எறியாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது ஊராட்சியின் கடமையாகும். தூண்களில் எழுத்து வெட்டியிருந்தால், அதுவே அவ்வூரின் முதல் ஆவணமாகவும் இருக்கக்கூடும்.

கைவிட வேண்டியவை

முன்னோர் செய்தவை யாவும் நன்றே என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். உத்திரமேரூர்ச் சபையில் நிலமற்ற உழைப்பாளிக்கு இடமில்லை. வாரியத்துக்கு வேதக் கல்வி தகுதியாக வைக்கப்பட்டது. இராஜராஜனின் வரியில்லா நிலப் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு நெடுங்காலத்துக்கு முன்னரே நிலத்தில் கிழிக்கப்பட்டது என்பதை இக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. அக்கோடு இன்றும் பல ஊர்களில் தெருவாகவும், தனிச் சுடுகாடாகவும், வாய்க்காலின் கடைமடையாகவும் நிலைத்திருப்பது வருந்தத்தக்கது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் மாதத்தில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லோடு வழக்கமும் நீங்க வேண்டும்.

மற்றொன்று, ‘வெட்டி’. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. ஏரி, வாய்க்கால் வேலைகளும் அவ்வாறு வாங்கப்பட்டன. ‘வெட்டி வேலை’ என்று இன்று நாம் பயனற்ற உழைப்பைக் குறிப்பதில், கூலி பெறாது உழைத்தவர்களின் பெருமூச்சு கேட்கிறது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில், ஊரார் கூடித் தம் பாசன வேலையைத் தாமே செய்யும் வழக்கம் நிலவியது. அதனைச் சட்டத்தின் கட்டாயத்தால் நிலைநிறுத்த ஆங்கில அரசு 1858ஆம் ஆண்டில் முயன்றும் முழுப் பயன் கிட்டவில்லை. ஊருக்கு ஏரியின்மீது உரிமையில்லாதபோது, கடமை மட்டும் எங்ஙனம் நிலைக்கும்? 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்து, பாசன விவசாயிகளைக் கொண்டே சீரமைப்பு வேலைகளை நடத்தத் தொடங்கியது.

இக்காலத்து ஊராட்சி அமைப்பு பழைய சபையைவிட எவ்வளவோ விரிந்தது. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ம் அதற்கு அடிப்படை. நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் 2016ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. குடத்தில் பெயரே இடப்படாதவர்கள் இன்று தலைமை நாற்காலியில் அமரும் நிலை வந்துள்ளது. அமைப்பு விரிந்ததற்கேற்ப, ஏரியைக் காக்கும் ஊக்கமும் கணக்குக் காட்டும் கண்டிப்பும் வளர வேண்டுமல்லவா?

நாம் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எந்த ஏரி யாருடைய பொறுப்பு என்பதை ஊரார் தெரிந்துகொள்வதே முதற்படி. அதன்பின் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

முதலாவதாக, ஏரிக்கு நீர் வரும் வழியை அறிதல். கிராம வரைபடத்தில் வரத்து வாய்க்கால், கலிங்கு, தூம்பு, போக்கு வாய்க்கால் ஆகியவற்றைக் குறித்து, ஊரார் கூடி அவ்வழியே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஏரியைத் தூர்வாரிவிட்டு வரத்து வாய்க்காலை மறந்துவிட்டால், செய்த செலவு வீணே. சோழகங்கம் பட்ட பாடு நமக்கு எச்சரிக்கை.

இரண்டாவதாக, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்துக்குள், கலிங்கில் அடைப்பு, கரையில் வளை, தூம்பில் கசிவு ஆகியவற்றைக் கவனித்துச் சரிசெய்தல். நம் ஏரிகள் ஒன்றின் உபரி நீர் மற்றொன்றுக்குச் செல்லும் தொடராக அமைந்தவை. மேலூர்க்காரர் கலிங்கை உயர்த்தினால் கீழூர் ஏரி காயும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூர்க் கரையும் உடையும். ஆதலால் அண்டை ஊராட்சிகள் கூடிப் பேசுவது நலம்.

மூன்றாவதாக, வண்டல் மண். ஏரியில் படிந்த வண்டல் நிலத்துக்கு நல்ல உரம். வட்டாட்சியரின் அனுமதியுடன் விவசாயிகள் அதனைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024இல் எளிய வழி வகுக்கப்பட்டது. எடுக்கும்போது கரையின் அடியை ஒட்டித் தோண்டலாகாது; ஓரிடத்திலேயே பள்ளமாக்கவும் கூடாது.

நான்காவதாக, ஆக்கிரமிப்பு. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், முறையீடு செய்வாரின்றேல் பயனில்லை. ஏழையின் குடிசையை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு, செல்வாக்குள்ளவர் வளைத்த பத்து ஏக்கரைக் காணாதிருப்பது நீதியாகாது.

ஐந்தாவதாக, கணக்கு. 2022ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வகை செய்யப்பட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22ம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1ம் சேர்ந்தன. மார்ச்சு 22ஆம் நாள் கூட்டத்தை நம் ஏரி வாரிய நாளாகவே கொள்ளலாம். ஏரிக்கு எவ்வளவு பணம் வந்தது, எத்தனை நாள் வேலை நடந்தது, எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, எவ்வளவு மீன் பாசி ஏலத்தில் கிடைத்தது என்பனவற்றை அன்று உரக்கப் படிக்க வேண்டும். ஐந்து விரல்களையும் விரித்து ஓலையை வாங்கிய அந்நாளைய வழக்கத்தின் உட்பொருள் இதுவே.

சோழர் பெருமையைப் பேசுவது எளிது. ஆடித் திருவாதிரையன்று கங்கைகொண்டசோழபுரத்தில் இராஜேந்திரன் பிறந்த நாள் விழா சிறப்பாக நடைபெறுகிறது, அதுவும் வேண்டியதே. ஆயினும் அவ்வேந்தன் நமக்கு விட்டுச் சென்ற செல்வத்துள், கோயிலைத் தொல்லியல் துறை காக்கிறது. ஏரியைக் காக்க வேண்டியவர் நாமே. ஐப்பசி மழை பெய்யும்போது ஒவ்வோர் ஊரின் வரத்து வாய்க்காலிலும் தடையின்றி நீர் ஓடி, கடைமடை வயல் வரை சென்று பாயுமாயின், நம் முன்னோரின் நற்பணி நம் கையில் தொடர்கிறது என்று கொள்ளலாம். அதற்கான வேலையைப் புரட்டாசிக்கு முன் தொடங்குவோமாக!